நெல்லைத் தடப் பேருந்து: 1:20 அளவில் மாதிரி கட்டுதல்

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் பேருந்துகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் உருவானவை. என்ஜினும் அச்சும் சக்கரமும் கொண்ட சேஸிஸ் அசோக் லேலண்ட் போன்ற தொழிற்சாலையிலிருந்து வரும். அதன்மேல் பாடி கட்டுவது வேறொரு பட்டறையின் வேலை. கரூர் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சொந்தப் பணிமனைகளில் பாடி கட்டியிருக்கின்றன. ஆகவே ஒரே ரகச் சேஸிஸில் ஏறிய இரண்டு வண்டிகள்கூட முகவெட்டிலும் ஜன்னல் எண்ணிக்கையிலும் படிக்கட்டு அமைந்த இடத்திலும் ஒத்துப்போகா. கடையில் பொம்மைப் பேருந்தை வாங்கி நிறம் மாற்றினால் திருநெல்வேலி–பாபநாசம் தடத்தில் ஓடும் வண்டி கிடைத்துவிடாது. அந்த வண்டிதான் வேண்டுமென்றால் அதை அளந்து, சேஸிஸ் தொடங்கிக் கடைசி ஸ்டிக்கர்வரை கையால் கட்ட வேண்டும்.

எந்த வண்டி, எந்த ஆண்டு

“ஒரு அரசுப் பேருந்து” என்று பொதுவாக நினைத்துக்கொண்டு வேலை தொடங்கினால் மாதிரி பாதியிலேயே தடுமாறும். ஒரு தடம், ஒரு வண்டி, ஓர் ஆண்டு என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். திருநெல்வேலியை மையமாகக் கொண்டு 1974-இல் அமைந்த கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் 1997-இல் பெயர் மாறித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டமானது. பாளையங்கோட்டையை ஒட்டிய கேடிசி நகர் இன்றும் பழைய பெயரின் சுருக்கத்தைத் தாங்கி நிற்கிறது. வண்டியின் பக்கவாட்டில் கட்டபொம்மன் பெயர் எழுதினால் ஆண்டு 1997-க்கு முந்தியதாக இருக்க வேண்டும். நம்பர் பலகையில் “டிஎன் 72” என்று எழுதினால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1989 ஜூலைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த வண்டி அந்த இடைப்பட்ட சில ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. கழக வண்டிகளுக்கு “டிஎன் 72 என்” என்ற வரிசை. இன்றைய வண்டிகளில் பலகை மஞ்சள், எழுத்து கறுப்பு.

அண்மைக்கால வண்டி என்றாலும் ஆண்டு முக்கியம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. அதைச் சொல்லும் அறிவிப்புகள் அதன் பிறகே வண்டியில் ஏறின. 2023-இல் பழைய வண்டிகளுக்குப் புதிய கூண்டு (பாடி) கட்டி மஞ்சள் வண்ணத்தில் இறக்கத் தொடங்கினார்கள். வண்ணம், எழுத்து, அறிவிப்பு, விளக்கு எல்லாம் ஒரே காலத்தைச் சொன்னால்தான் பார்ப்பவருக்கு வண்டி நம்பும்படி இருக்கும். ஒன்று பிசகினாலும் தினமும் அந்தத் தடத்தில் போய்வருபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அளவு விகிதத்துக்கு 1:20 வசதியானது. நிஜத்தில் 1 மீட்டர் மாதிரியில் 50 மி.மீ.; நிஜத்தில் 20 மி.மீ. மாதிரியில் 1 மி.மீ. கணக்கை மனத்திலேயே போடலாம். 11 மீட்டர் வண்டி 550 மி.மீ. நீளத்தில் அமையும், மேசையில் வைத்து வேலை செய்யத் தோதான நீளம். 1:50 போன்ற சிறிய அளவில் ஜன்னல் கம்பியும் ரிவெட்டும் செய்ய முடியாமல் போகும். அவை இல்லாவிட்டால் நெல்லைப் பேருந்தே இல்லை.

அளத்தல்

மாதிரியின் தரம் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. பிசகிய அளவை எந்தப் பெயிண்டாலும் மறைக்க முடியாது.

தொடங்க வேண்டிய அளவு அச்சிடைத் தூரம், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடைப்பட்ட நீளம். லேலண்ட் பேருந்துச் சேஸிஸ்களில் பரவலாக இருக்கும் 222 அங்குல அளவு 5,639 மி.மீ.; மாதிரியில் 282 மி.மீ. மற்ற நீளங்களை இந்த ஒன்றோடு ஒப்பிட்டே குறித்துக்கொள்ளலாம். சட்டம் விதிக்கும் எல்லைகள் அளவைச் சரிபார்க்க உதவும். வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆகவே மாதிரியின் அகலம் 130 மி.மீ.-க்கு மேல் வந்தால் எங்கோ தவறு. பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி அச்சிடைத் தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 282 மி.மீ.-க்கு அது 169 மி.மீ. புதிதாகக் கட்டுபவர்கள் பின்பகுதியை நீளமாக்கிவிடுவது வழக்கம். இந்த ஒரு கணக்கு அதைத் தடுக்கும்.

அளப்பதற்கு வண்டி நிற்க வேண்டும். வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் நடைமேடையில் நிற்கும் சில நிமிடங்கள் இதற்குப் போதாது, நெரிசலும் அதிகம். தடம் முடியும் இடங்களில் ஓட்டுநரும் நடத்துநரும் தேநீர் குடிக்கப் போகும் நேரம் நல்லது. நேரக் காப்பாளரிடமும் ஓட்டுநரிடமும் சொல்லிவிட்டு அளக்க வேண்டும். சொன்னால் பெரும்பாலோர் உதவுவார்கள். ஓட்டுநர் தாமே ஏறி நின்று மேற்கூரை அளவைச் சொல்வதும் உண்டு. என்ஜின் ஓடும் வண்டிக்கு அடியில் குனியக் கூடாது.

படமெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கைப்பேசியை வண்டிக்கு அருகில் பிடித்தால் நடுப்பகுதி உப்பி, ஓரங்கள் சுருங்கித் தெரியும். முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் செய்து, வண்டியின் பக்கத்துக்கு நேர்க்குத்தாக எடுக்க வேண்டும். வண்டியை ஒட்டி ஒரு மீட்டர் கோலை நிறுத்தி, அதுவும் படத்தில் விழும்படி பார்த்துக்கொண்டால் பிறகு எந்த அளவையும் படத்திலிருந்தே எடுக்கலாம். இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின் என நான்கு; சக்கரம் ஒவ்வொன்றும் தனியாக; விளக்குகள், படிக்கட்டு, ஓட்டுநர் கதவு, அவசர வழி. முன்படி முன் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது பாடிக்குப் பாடி மாறும். நினைவை நம்பி வரைவது ஆபத்து.

இந்த அளவுகளை வைத்து 1:20-இல் நான்கு பக்கப் படங்களையும் தாளில் வரைந்து இரண்டு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று வெட்டி ஒட்ட, மற்றது சுவரில் மாட்ட.

சக்கரம்

பேருந்து மாதிரிகள் தோற்கும் இடம் பெரும்பாலும் சக்கரம்தான். பொம்மைக் காரிலிருந்து கழற்றிய சக்கரத்தைப் பூட்டினால், மற்ற வேலை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் வண்டி பொம்மையாகவே தெரியும். 10.00-20 டயரின் விட்டம் ஏறத்தாழ 1,050 மி.மீ.; மாதிரியில் 52.5 மி.மீ. அகலம் சுமார் 14 மி.மீ. ரிம்மின் விட்டம் 20 அங்குலம், மாதிரியில் 25.4 மி.மீ. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஸ்டெப்னி ஒன்று, ஆக ஏழு டயர்.

தாமிரபரணிக் கரையில் இதற்கு மிக நல்ல வழி இருக்கிறது. அம்பாசமுத்திரம் (அம்பை) வட்டாரத்தில் சொப்புச் சாமான்களைக் கடையும் கைவினைஞர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். முற்காலத்தில் மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்தார்கள்; இன்று வேறு மரங்களும் புழக்கத்தில் உள்ளன. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உரசலின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். சிறு சட்டி பானையை இவ்வளவு வட்டமாகக் கடையும் கைக்கு 52.5 மி.மீ. டயர் பெரிய வேலையே இல்லை. கேட்கும்போது வாயால் விளக்காமல், குறுக்குவெட்டு வரைந்த தாளையும் வெர்னியரில் அளந்து வெட்டிய அட்டை அச்சையும் கொடுக்க வேண்டும். மரம் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். கொம்பின் நட்ட நடுப்பகுதி சேராத துண்டாகவும் இருக்க வேண்டும். நடுப்பகுதி சேர்ந்தால் அதைச் சுற்றி விரிசல் விட்டு, ஒரு வெயில் காலத்திலேயே டயர் பிளந்துவிடும்.

கடைசலில் இருக்கும்போதே முன் டயருக்கு நேர்கோட்டுப் பள்ளங்களை ஏற்றிவிடலாம். பின் டயரின் குறுக்கு வெட்டுகளை முக்கோண அரத்தால் கையால் போட வேண்டும். கறுப்பு அரக்குப் பூச்சு டயருக்கு அதிகப் பளபளப்பைத் தந்துவிடும். 600-ஆம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மங்கலாக்கினால் ரப்பர் போலாகிவிடும்.

அடுத்தது ரிம். முன் சக்கரத்தின் வட்டு வெளிப்புறம் புடைத்திருக்கும்; பின் ஜோடியில் வெளியே தெரியும் சக்கரத்தின் வட்டு உள்ளே குழிந்திருக்கும். ஒரே ரிம்மைத் திருப்பி மாட்டுவதால் வரும் வேறுபாடு இது. குழிக்குள்ளிருந்து அச்சின் முனை துருத்திக்கொண்டிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே முகத்தை ஒட்டிவிட்ட மாதிரிகள் ஏராளம். நட்டுகளின் எண்ணிக்கையைப் படத்தில் எண்ணி, அவ்வளவையும் வைக்க வேண்டும். அறுகோண வடிவில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டுகள் போதும். பின் ஜோடி டயர்களுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஓடாத, காட்சிக்கான மாதிரி என்றால் டயரின் அடியில் முக்கால் மி.மீ. அளவுக்குத் தட்டையாகத் தேய்த்துவிடலாம். பாரம் ஏறிய டயர் தரையில் அமுங்குவதுபோல் தெரியும். வண்டிக்கு உடனே கனம் வந்துவிடும்.

சேஸிஸும் நிற்கும் தோரணையும்

சேஸிஸ் சட்டத்துக்கு 5 மி.மீ. சதுர அலுமினியக் குழாய் அல்லது தேக்குப் பட்டை ஏற்றது. பிவிசி ஃபோம் ஷீட் சேஸிஸுக்கு உதவாது. சில மாதத்தில் நடுவில் தொய்ந்துவிடும். ஸ்பிரிங் பட்டைகளுக்குச் சரக்குப் பெட்டிகளைக் கட்டி வரும் மெல்லிய இரும்புப் பட்டையை நீளம் குறைந்துகொண்டே போகும் துண்டுகளாக வெட்டி அடுக்கி, நடுவில் செப்புக் கம்பியால் கட்டலாம்.

எடையையும் இங்கேயே கணக்கிட வேண்டும். நீளம் இருபதில் ஒன்றானால் கன அளவு எண்ணாயிரத்தில் ஒன்று. முழுப் பாரத்தோடு 16.2 டன் வரும் இரண்டு அச்சு வண்டியின் மாதிரி 2 கிலோ இருக்க வேண்டும். ஃபோம் ஷீட்டில் கட்டிய மாதிரி அதில் பாதிகூட வராது. ஓட வைத்தால் தகரப் பெட்டிபோல் குதிக்கும். மீதி எடையை ஈயத் துண்டாகவோ இரும்புப் பட்டையாகவோ சட்டத்துக்குள், கூடியவரை தாழ்வாக வைக்க வேண்டும்.

தோரணை என்பது வண்டி நிற்கும் விதம். நெல்லைத் தடத்தில் காலை எட்டு மணி வண்டி நேராக நிற்பதில்லை. படிக்கட்டு இடப்பக்கம், தொற்றி நிற்கும் கூட்டமும் இடப்பக்கம். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். பின்பகுதியும் சற்று அமுங்கியிருக்கும். மாதிரியில் இடப்பக்கப் பட்டைகளை ஒரு மி.மீ. தாழ்த்தினாலே சாய்வு வந்துவிடும். இரண்டு மி.மீ. தாழ்த்தினால் கவிழப் போகும் வண்டியாகத் தெரியும்.

கூண்டு

பக்கச் சுவரை ஒரே ஃபோம் ஷீட்டில் வெட்டி, ஜன்னல்களைத் துளைபோட்டு எடுப்பதே பரவலான வழக்கம். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டு மிச்சமாக ஷீட் மலிவாகக் கிடைப்பதால் இந்த வழி பிடித்துப்போகிறது. ஆனால் ஜன்னல்களுக்கு இடைப்பட்ட தூண் நிஜத்தில் 60 மி.மீ. அளவே அகலம், மாதிரியில் 3 மி.மீ. அந்த அகலத்தில் ஃபோம் ஷீட் நிற்காமல் முறியும். முறியாமல் இருக்கத் தூணை 6 மி.மீ. ஆக்கினால் ஜன்னல் சிறுத்து, வண்டி சரக்கு லாரி மாதிரி ஆகிவிடும்.

பாடி பட்டறையின் முறையே மாதிரிக்கும் சிறந்தது. தளம், தூண்கள், கூரை வில்கள், அதற்குப் பிறகே தகடு. சுவரில் மாட்டாத பிரதியைப் பலகையில் விரித்து, மேலே பாலித்தீன் தாளை ஒட்டி, கோட்டின்மேலேயே 3 மி.மீ. தேக்குக் குச்சிகளையோ கெட்டிப் பிளாஸ்டிக் பட்டைகளையோ வைத்து இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே படத்தின்மேல் கட்டப்படுவதால் கோணல் வராது. வலப்பக்கத்துக்குப் படிக்கட்டுகள் இல்லை, ஓட்டுநர் கதவு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

தகட்டுக்குக் குளிர்பானக் கேனின் அலுமினியம் அருமையான பொருள். ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம், கத்தரிக்கோலால் வெட்டலாம். ரிவெட் வரிசைக்குத் தையற்காரர்கள் துணியில் கோடு பதிக்கும் பல் சக்கரமே கருவி. தகட்டைத் திருப்பிப் போட்டு, கீழே ஒரு ரப்பர் விரிப்பு வைத்து, ஸ்கேலை ஒட்டி ஒரே அழுத்தமாக உருட்டினால் மறுபக்கம் ரிவெட் தலைகள் வரிசையாக எழும். பற்களின் இடைவெளி 3 முதல் 4 மி.மீ. இருந்தால் நிஜத்தில் 60 முதல் 80 மி.மீ. என்ற கணக்குக்குச் சரி. கை நடுங்கிக் கோடு வளைந்தால் அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டுப் புதிது எடுக்க வேண்டும். வளைந்த ரிவெட் வரிசை வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படும்.

கூரைக்கு 2 மி.மீ. ஃபோம் ஷீட்டை முடி உலர்த்தியின் சூட்டில் இளக்கி, பிவிசி குழாய்மேல் வளைத்துப் பிடித்து ஆறவிட வேண்டும். முன், பின் முனைகளில் வளைவு இரண்டு திசையிலும் ஓடுவதால் ஷீட் வளையாது. அங்கே ஷீட்களை அடுக்கி ஒட்டி, செதுக்கி, பட்டி பூசித் தேய்ப்பதுதான் வழி.

முகம் தனிக் கவனம் கேட்கும். முன் கண்ணாடியின் சாய்வு, அதற்கு மேலுள்ள தடப் பலகைப் பெட்டியின் உயரம், கண்ணாடிக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட தகட்டின் அளவு, இந்த மூன்றின் விகிதத்தால்தான் ஒரு வண்டி அதே வண்டியாகத் தெரிகிறது. தேவைப்பட்டால் முகத்தை மட்டும் அட்டையில் இரண்டு மூன்று முறை செய்து பார்த்து, நிஜப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே தகட்டில் கைவைக்கலாம். பழைய வட்ட முகப்பு விளக்கின் விட்டம் 7 அங்குலம், 178 மி.மீ.; மாதிரியில் 9 மி.மீ. மாத்திரை அட்டையில் ஒளிபுகும் குமிழ்களில் இந்த விட்டத்துக்கு ஒன்று எளிதில் அகப்படும்.

ஜன்னல் கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட் போதும். அதை ஃபெவிக்விக் கொண்டு ஒட்டக் கூடாது. அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் பூத்துவிடும், பிறகு எடுக்க வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது இது இன்னும் மோசம். கண்ணாடிக்கு எப்போதும் ஃபெவிகால். ஜன்னலின் குறுக்குக் கம்பிக்கு 22 கேஜ் வைண்டிங் கம்பி 0.71 மி.மீ., நிஜத்தில் 14 மி.மீ. என்ற அளவுக்கு வருகிறது. பலர் சைக்கிள் ஆரக்காலை வைக்கிறார்கள். அது 2 மி.மீ., நிஜத்தில் 40 மி.மீ. கனம். ஜெயில் கம்பிதான் அவ்வளவு தடிப்பாக இருக்கும். மேலே பிடித்துக்கொள்ளும் கம்பிக்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. மோட்டார் வைண்டிங் கடைகளில் இரண்டும் எடைக்குக் கிடைக்கும். எனாமலைச் சுரண்டி, நெருப்பில் காட்டாமல் கையால் நீவி நேராக்கி, வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும்.

உள்ளே

இருக்கைகள் ஒரு பக்கம் இரண்டு பேருக்கு, மறுபக்கம் மூன்று பேருக்கு. இருக்கைக்கு இருக்கை 34 அல்லது 35 மி.மீ., உட்காரும் உயரம் 21 மி.மீ. ஓர் அச்சு செய்து அதிலேயே எல்லாவற்றையும் வார்ப்பதோ வெட்டுவதோ நல்லது. ஓட்டுநருக்கு அருகே என்ஜின் மூடி, கியர் கம்பி, ஓட்டுநருக்குப் பின்னால் தடுப்பு, திருவள்ளுவர் படத்தோடு குறள் எழுதிய பலகை. தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் உட்புறத்துக்கு அந்தப் பலகை அவசியம். ஜன்னல் வழியே பார்ப்பவர் கண் தானாக அங்கே போகும். கூரையை ஒட்டாமல் கழற்றி மாட்டும்படி வைத்தால் உள்வேலை வீண்போகாது.

வண்ணமும் எழுத்தும்

பிரைமர் அடிக்காத அலுமினியத்தில் பெயிண்ட் நிற்காது. 400-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கைரேகை படாமல் உலர்த்திவிட்டுப் பிரைமர். பிறகு 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் ரிவெட் தலைகள் பெயிண்டில் மூழ்கிவிடும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி, அம்பைப் பக்கம் வெளியில் வைத்து ஸ்பிரே செய்வதைத் தவிர்க்க வேண்டும். காற்றின் ஈரம் லாக்கரில் சிக்கிப் பால்நிறமாக வெளுத்துவிடும். பங்குனி வெயிலில் காலை ஒன்பது மணிக்குள் அடிப்பது மிகப் பொருத்தம். உச்சி வெயிலில் துளிகள் தகட்டைத் தொடும் முன்பே உலர்ந்து மணல்மணலாக ஒட்டும்.

எழுத்தில் பெரும்பாலான மாதிரிகள் கோட்டைவிடுகின்றன. பழைய தடப் பலகைகள் கையால் எழுதியவை. கணினி எழுத்துருவில் “திருநெல்வேலி” என்று அச்சடித்து ஒட்டினால் அந்த வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதே குழம்பிவிடும். நிஜப் பலகையைப் படமெடுத்து, சரியான அளவுக்குக் குறைத்து, வெளிப்புறக் கோட்டை மட்டும் தகட்டில் பதித்துக்கொண்டு, 000 எண் பிரஷால் எழுத வேண்டும். 200 மி.மீ. எழுத்து இங்கே 10 மி.மீ. வரும், பொறுமை இருந்தால் யாராலும் முடியும். ஊர்ப்பெயர்கள் பலகையில் உள்ளபடியே இருக்கட்டும். நெல்லை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, வி.கே.புரம், பாபநாசம் என்ற வரிசை மாறினால் தடமே தவறாகிவிடும்.

ஓட்டத்தின் தடயங்கள்

பெயிண்ட் காய்ந்ததும் வண்டி ஷோரூம் வண்டியாக நிற்கும். அதைத் தடத்தில் ஓடிய வண்டியாக்குவது மெருகேற்றலின் கடைசிக் கட்டம். எல்லா வண்டிக்கும் ஒரே பழுப்புத் தூளைத் தூவிவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. திருநெல்வேலியைச் சுற்றி மண் ஊருக்கு ஊர் மாறுகிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் ஓடும் வண்டியின் அடிப்பகுதி தேரி மணலின் செந்நிறத்தில் இருக்கும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல். மழைக்குப் பின் சக்கர வளைவில் கறுத்துக் கட்டியாக ஒட்டும். ஆற்றுப் பாசன வயல்களுக்கு நடுவே அம்பை வரை போகும் வண்டியில் சாம்பல் கலந்த வண்டல் நிறம். மணிமுத்தாறு வழியே மாஞ்சோலை ஏறும் வண்டி என்றால் மண்ணோடு வேறு தடயங்களும் சேரும். பக்கவாட்டில் ஜன்னல் உயரத்தில் கிளைகள் கீறிய மெல்லிய கோடுகள், முன் சக்கர ரிம்மில் பிரேக் தூளின் கருமை, அடிப்பகுதியில் காயாத சேறு.

இதற்கு அந்தந்த ஊர் மண்ணையே எடுத்துக்கொள்ளலாம். காயவைத்து, நைத்து, மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்தால் மாவுபோல் வரும். அதைப் பளபளப்பில்லாத வார்னிஷில் மிக நீர்த்துக் கலந்து, டயரின் பக்கவாட்டிலும் சக்கர வளைவின் உட்புறத்திலும் பின் பம்பரிலும் ஒற்ற வேண்டும். பின்பக்கத் தகட்டில்தான் தூசி அதிகம் படியும், முன்பக்கத்தில் குறைவு. ஓடும் வண்டி தூசியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். இதைத் தலைகீழாகச் செய்துவிடக் கூடாது.

தேய்மானத்துக்குக் காரணம் இருக்க வேண்டும். படிக்கட்டின் விளிம்பு நடுவில் தேய்ந்து உலோகம் தெரியும். ஓரத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும். கைப்பிடிக் கம்பியின் நடுப்பகுதி பளபளக்கும், முனைகள் மங்கும். ஜன்னல் விளிம்பில் முழங்கை உரசிய இடம் வெளுத்திருக்கும். சில ஜன்னல்களுக்குக் கீழே வெற்றிலைச் சாறு செங்காவியாக வழிந்து காய்ந்திருக்கும். எல்லா ஜன்னலுக்கும் கீழே அல்ல, பின்பகுதியில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும். மழைநீர் கூரை ஓரத்திலிருந்து இறங்கிய கோடுகள் ரிவெட் வரிசையில் தொடங்கிக் கீழ்நோக்கி மங்கும். ஒவ்வொரு தடயத்தையும் வைக்கும்போது “இதைச் செய்தது யார், எது” என்று கேட்டுக்கொண்டு வைத்தால் அளவு மீறாது.

ஓட வைப்பது

காட்சிக்கு மட்டுமான மாதிரிக்கு இது தேவையில்லை. ரிமோட்டில் ஓட வேண்டுமென்றால் வேகக் கணக்கு முக்கியம். 52.5 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 165 மி.மீ. நகரும். நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. என்ற வேகத்தை இருபதில் ஒன்றாக்கினால் நொடிக்கு 83 செ.மீ.; அதற்குச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை சுற்ற வேண்டும். கியர் மோட்டார் வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். வேகமான மோட்டாரைப் போட்டால் பேருந்து பந்தயக் காராகிவிடும். ஸ்டியரிங்குக்கு 9 கிராம் சர்வோ போதும். வெளிச்சக்கரம் 35 டிகிரி திரும்பினால் வண்டி சுமார் அரை மீட்டர் ஆரத்தில் வளையும். பேட்டரியைத் தளத்துக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால் வைத்தால் ஈயத் துண்டின் அளவைக் குறைக்கலாம்.

வைத்துக் காத்தல்

மூடிய காருக்குள் மாதிரியை விட்டுச் செல்லக் கூடாது. நெல்லை வெயிலில் உள்சூடு ஏறிக் கூரை ஷீட் வளைந்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சேஸிஸுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்தால் ஸ்பிரிங் பட்டைகள் தளராது. பூச்சிக்குப் பயந்து நாப்தலின் உருண்டை போடுவதும் தவறு. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

அளவு எழுதிய நோட்டையும் படங்களையும் மாதிரியோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற ஒன்றிய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் அதில் அடக்கம். பட்டறையில் கையால் கட்டிய பழைய கூண்டுகள் வேகமாகக் கழிந்து வருகின்றன. மாதிரி கட்டும் எண்ணம் இப்போது இல்லாதவரும், தம் ஊருக்கு வரும் பழைய வண்டி ஒன்றையாவது அது நிற்கும் நாளிலேயே அளந்து எழுதி வைக்கட்டும்.